வயிற்றுத் திசுமடலில் சிரைத் தேக்கம்: மார்பக மறுசீரமைப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண் ஒருவருக்கு, அவருடைய அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் கொண்டு மார்பகத்தை மறுபடி உருவாக்கிய அறுவை சிகிச்சை பற்றிய பதிவு இது. மாற்றி வைத்த திசுவுக்குள் இரத்தம் தடையின்றி நுழைந்தது; வெளியேறுவதில்தான் சிக்கல் வந்தது. அது எப்படிக் கண்டறியப்பட்டது, என்னென்ன முடிவுகள் எக்காரணங்களால் எடுக்கப்பட்டன, அதன்பின் எங்கள் நடைமுறையில் எவை மாறின என்பவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். இடது மார்பகமும் அதே பக்க அக்குளின் நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டு, கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, இரத்த அழுத்தம் வழக்கமாக 130/80 அளவில் இருந்தது. இரண்டு பிரசவங்களும் சிசேரியன். இரண்டும் அடிவயிற்றின் குறுக்கே ஒரே தழும்பின் வழியாகச் செய்யப்பட்டவை. நம் ஊரில் இந்த வயதுப் பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இந்தத் தழும்புதான் இந்த நிகழ்வின் முக்கியமான செய்தி என்பது பின்னால் தெளிவாகும்.

கதிர்வீச்சு பெற்ற மார்புத் தோல் இறுகி, கருத்து, அடியில் உள்ள விலாவோடு ஒட்டியிருந்தது. அத்தகைய தோலுக்கு அடியில் சிலிகான் பை வைப்பது நல்ல தேர்வு அல்ல என்று எடுத்துரைத்தோம். நோயாளியும் தம் உடலின் திசுவையே விரும்பினார். ஆகவே ‘டீப் ஃபிளாப்’ எனப்படும் முறை முடிவானது. இதில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோலும் கொழுப்பும் ஒரு மடலாக எடுக்கப்படுகின்றன. வயிற்றின் ரெக்டஸ் தசை எடுக்கப்படுவதில்லை. அந்தத் தசையைத் துளைத்து மேலே வரும் மெல்லிய இரத்த நாளங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் மூலமான ஆழ்நிலைக் கீழ் எபிகாஸ்ட்ரிக் தமனியையும் சிரையையும் இடுப்பருகே வெட்டி, மார்பில் உள்ள நாளங்களோடு நுண்ணோக்கியின் உதவியால் இணைக்கிறோம். 1982இல் ஹார்ட்ராம்ஃபும் அவருடைய குழுவினரும் அடிவயிற்றுத் திசுவை ரெக்டஸ் தசையோடு சேர்த்து மார்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தசையை விட்டுவிட்டு நாளத்தை மட்டும் எடுக்கலாம் என்பதை 1989இல் ஜப்பானின் கோஷிமாவும் சோயேதாவும் காட்டினார்கள். 1994இல் அமெரிக்காவின் ஆலனும் ட்ரீஸும் அதை மார்பக மறுசீரமைப்பில் பயன்படுத்தினார்கள். தசை காப்பாற்றப்படுவதால் வயிறு பலவீனப்படுவது குறைகிறது. அதற்கு ஈடாக, அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள திசு முழுவதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒன்றிரண்டு நாளங்களை நம்பி வாழ வேண்டியிருக்கிறது.

அடிவயிற்றில் இரத்தம் ஓடும் விதம்

நிகழ்வைப் புரிந்துகொள்ள அடிவயிற்றின் இரத்த ஓட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆழ்நிலைத் தமனி இடுப்பின் வெளி இலியாக் தமனியிலிருந்து பிரிந்து, ரெக்டஸ் தசைக்கு அடியில் மேலேறி, தொப்புளைச் சுற்றிய பகுதியில், தசையைத் துளைத்து வரும் பல மெல்லிய நாளங்களை, அதாவது துளைநாளங்களை, தோலுக்கு அனுப்புகிறது. ஒரு துளைநாளம் தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்கு நேரடியாக இரத்தம் தருகிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதிக்கு, பக்கத்து நாளங்களோடு தன்னை இணைக்கும் குறுகிய இணைப்புகளின் வழியாகவே இரத்தம் போகிறது. ஆஸ்திரேலியாவின் டெய்லரும் பால்மரும் 1987இல் உடல் முழுவதையும் இப்படி இரத்தப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் மடலின் ஓரங்கள் ஏன் அழிகின்றன என்பதற்குத் தெளிவான விளக்கம் கிடைத்தது.

அடிவயிற்று மடலை நான்கு மண்டலங்களாகப் பிரிப்பது வழக்கம். நாளம் உள்ள பக்கத்தின் நடுப்பகுதி முதல் மண்டலம். நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்தில் உள்ள பகுதியே அடுத்து நன்றாக இரத்தம் பெறும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஹோல்மும் அவருடைய குழுவினரும் 2006இல் ஒளிரும் சாயத்தைக் கொண்டு செய்த ஆய்வு, நாளம் உள்ள பக்கத்தின் வெளிப்பகுதியே மறுபக்கத்தின் நடுப்பகுதியைவிட நன்றாக இரத்தம் பெறுகிறது என்று காட்டியது. நடுக்கோடு ஓர் எல்லை. அதைத் தாண்டுவது தமனிக்கும் எளிதல்ல, சிரைக்கும் எளிதல்ல.

சிரைகளின் அமைப்பு தமனியின் அமைப்பைப் போன்றதன்று. தமனியைப் பொறுத்தவரை அடிவயிற்றுத் தோலுக்கு ஆழ்நிலை நாளமே பெரும்பாலானவர்களிடம் முதன்மையானது. ஆனால் இரத்தம் திரும்பிச் செல்வதற்குத் தோலுக்குச் சற்றே அடியில் ஓடும் மேலோட்டக் கீழ் எபிகாஸ்ட்ரிக் சிரையே இயல்பான முதன்மைப் பாதை. இதை இனி மேற்சிரை என்கிறேன். டீப் ஃபிளாப்பில் இந்த மேற்சிரையை வெட்டிவிட்டு, இரத்தம் முழுவதையும் துளைநாளத்தோடு வரும் சிறு சிரையின் வழியாக ஆழத்துக்குத் திருப்புகிறோம். மேற்சிரைக்கும் துளைநாளச் சிரைக்கும் இடையே நல்ல இணைப்பு இருந்தால் இந்தத் திருப்பம் சிக்கலின்றி நடக்கும். இணைப்பு மெலிதாகவோ சுற்றிவளைத்தோ இருந்தால், வரத்துக் கால்வாய் அகலமாகவும் மதகு குறுகலாகவும் உள்ள ஏரியின் நிலைதான் மடலுக்கு. வலது, இடது மேற்சிரைகளை நடுக்கோட்டில் இணைக்கும் குறுக்குச் சிரைகளும் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலரிடம் அவை இல்லவே இல்லை.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் கண்டவை

இரத்த நாளங்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராமில் வலப்பக்கம், தொப்புளுக்கு வெளியே சுமார் 2 சென்டிமீட்டரும் கீழே 1 சென்டிமீட்டரும் தள்ளி, நடுக்கோட்டை ஒட்டிய துளைநாள வரிசையில் 2 மில்லிமீட்டர் அளவிலான ஒரு துளைநாளம் தெளிவாகத் தெரிந்தது. தசைக்குள் அதன் பாதை குறுகியதாகவும் நேராகவும் இருந்தது. இடப்பக்கம் இருந்தவை எல்லாம் சிறியவை. மேற்சிரையைப் பொறுத்தவரை, வலப்பக்கத்தில் அது சிசேரியன் தழும்புக்கு வெளியே தப்பி ஓடுவது தெரிந்தது. இடப்பக்கத்தில் தழும்பின் இடத்தில் அது நின்றுபோயிருந்தது. பழைய அறுவைகளில் அது வெட்டப்பட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஸ்கேன் தமனிகளுக்காக நேரம் குறிக்கப்பட்டு எடுக்கப்பட்டது என்பதால், சிரைகளின் நுண்ணிய இணைப்புகள் அதில் முழுமையாகப் பதிவாகவில்லை.

வலது மார்பகத்தோடு ஒத்துப்போகும் அளவுக்குத் திசு தேவைப்பட்டதால், வலது பாதி மட்டும் போதாது, நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கத்தின் நடுப்பகுதியும் வேண்டும் என்று கணக்கிட்டோம். இருபக்க நாளங்களையும் எடுத்து இரண்டையும் இணைக்கும் வழியும் பேசப்பட்டது. அது நேரத்தைக் கூட்டும், இரு பக்கத் தசைகளையும் பிளக்க வேண்டிவரும் என்பதாலும், வலது துளைநாளம் உறுதியாக இருந்ததாலும், ஒரு பக்க நாளமே போதும் என்று முடிவு செய்தோம்.

அறுவை அரங்கில்

காலையில் இரு குழுக்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. வயிற்றுப் பக்கத்தில், கீழ் வெட்டைப் போட்டதும் முதல் வேலையாக வலது மேற்சிரையைத் தேடி, சுமார் 6 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிரித்து, முனையில் உலோகக் கிளிப் போட்டு மடலின் ஓரத்தோடு விட்டோம். இதன் குறுக்களவு 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. எல்லா நோயாளிகளிடமும் எங்கள் குழு இதைச் செய்கிறது. பெரும்பாலும் அது பயன்படாமலே போகிறது. பத்து நிமிட வேலைதான். வெட்டிவிட்ட பிறகு திரும்பக் கிடைக்காத ஒன்று அது என்பதால், தேவை வருமா என்று தெரிவதற்கு முன்பே அதைக் காப்பாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

வலது துளைநாளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சிறு கிளாம்ப்களால் அடைத்து, ஏறத்தாழ கால் மணி நேரம் மடலைக் கவனித்தோம். நிறம் மாறவில்லை, விரலால் அழுத்தி விட்டால் இரண்டு, மூன்று வினாடிகளில் நிறம் திரும்பியது. வெட்டு ஓரங்களில் சிவந்த இரத்தம் கசிந்தது. அதன்பின் 5 மில்லிகிராம் இண்டோசயனின் கிரீன் சாயத்தைச் சிரை வழியாகச் செலுத்தி, அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியில் கேமராவால் பார்த்தோம். இந்தச் சாயம் இரத்தத்தின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு நாளங்களுக்குள்ளேயே ஓடுகிறது. மூன்று, நான்கு நிமிடங்களில் பாதியைக் கல்லீரல் வெளியேற்றிவிடுகிறது. திரையில் வலப்பக்கத்தின் நடுப்பகுதி முதலில் ஒளிர்ந்தது; அடுத்து அதன் வெளிப்பகுதி; அதற்குப் பின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கத்தின் நடுப்பகுதி மெல்ல ஒளிர்ந்தது. இடது ஓரம் இருண்டே இருந்தது. ஒளிராத அந்தப் பகுதியையும் அதை ஒட்டிய விளிம்பையும் வெட்டி நீக்கினோம். 840 கிராம் எடையிருந்த மடலில் 610 கிராம் எஞ்சியது.

மார்புப் பக்கத்தில் மூன்றாவது விலாவின் குருத்தெலும்பை நீக்கி உள் மார்புத் தமனியையும் சிரையையும் தயார் செய்திருந்தார்கள். இடப்பக்க உள் மார்புச் சிரை வலப்பக்கத்தைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம். இங்கே அது 2.5 மில்லிமீட்டர், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதிர்வீச்சால் நாளத்தின் சுவர் சற்றுத் தடித்திருந்தாலும் ஓட்டம் நன்றாக இருந்தது. சிரையை 2.5 மில்லிமீட்டர் கப்ளர் வளையத்தால் இணைத்தோம். தமனியை 9-0 நைலான் இழையால் தைத்தோம். உள் மார்புச் சிரையின் கீழ் முனையை ஒட்ட வெட்டாமல், சற்று நீளம் விட்டே கிளிப் போட்டிருந்தோம். மடல் இரத்தமின்றி இருந்த நேரம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது.

கிளாம்ப்களை எடுத்ததும் மடல் உடனே இளஞ்சிவப்பானது. காப்பாற்றி வைத்த மேற்சிரையை விரலால் தொட்டுப் பார்த்தோம்: மெத்தென்று, தளர்ந்து இருந்தது. அது புடைத்திருந்தால், மடலுக்குள் வெளியேற வழியின்றி இரத்தம் தேங்குகிறது என்று பொருள். அப்போது இரண்டாவது சிரை இணைப்பை அங்கேயே செய்திருப்போம். தளர்ந்திருந்ததால் ஆழ்சிரை ஒன்றே போதுமானது என்று முடிவெடுத்தோம். அந்த நேரத்தில் நோயாளியின் இரத்த அழுத்தம் 96/58. மயக்க நிலையில் இது அசாதாரணமானதன்று.

மடலை வைத்த விதத்தையும் குறிப்பிட வேண்டும். மடலின் கீழ் ஓரம் மார்பெலும்பை நோக்கி அமையுமாறு திருப்பி வைத்தோம். அதனால் வலது மேற்சிரையின் முனை, உள் மார்பு நாளங்களுக்கு மிக அருகில் வந்தது. நடுக்கோட்டைத் தாண்டிய இடப்பகுதி, புதிய மார்பகத்தின் கீழ்ப்பகுதியாக அமைந்தது. மாலைக்குள் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

இரவில் கவனித்தவை

முதல் 24 மணி நேரம், மணிக்கு ஒருமுறை மடலின் நிறம், வெப்பம், இறுக்கம், அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம், நாளத்தின் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும் டாப்ளர் கருவியின் ஒலி ஆகியவை அட்டவணையில் பதியப்பட வேண்டும். மடலை எடுக்கும்போது அதன் நரம்புகள் வெட்டப்படுவதால் அதில் உணர்வு இருப்பதில்லை. மடல் மூச்சுத் திணறினாலும் நோயாளிக்கு அதில் வலி தெரியாது. ஆகவே பக்கத்தில் இருக்கும் செவிலியரின் கண்ணும் கையுமே அதன் காவல்.

நள்ளிரவு தாண்டி 1.40 மணிக்குப் பதியப்பட்ட குறிப்பில் எல்லாம் இயல்பு. 2.40 மணிக்கு இரவுப் பணிச் செவிலியர் மார்பகத்தின் கீழ் விளிம்பை மூடியிருந்த துணியை விலக்கி, அறையின் வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு பணி மருத்துவரை அழைத்து, “டாக்டர், டாப்ளர் சத்தம் நல்லா வருது. ஆனா கீழ்ப்பக்க நிறம் எனக்குச் சரியாப் படலை. தொட்டா இறுகின மாதிரியும் இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க” என்றிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நூல்களில் சிரைத் தேக்கம் பெற்ற மடல் நீலமாகவோ ஊதாவாகவோ மாறும் என்று எழுதியிருக்கிறது. அந்த வருணனைகளும் படங்களும் பெரும்பாலும் வெளிறிய தோல் உடையவர்களைக் கொண்டு உருவானவை. நம் மக்களின் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அந்த ஊதா நிறம் அப்படித் தெரிவதில்லை. தோல் சற்றே கருத்து, பளபளப்பாகி, நுண்துளைகள் விரிந்து தெரிவதே தொடக்கக் குறி. மஞ்சள் விளக்கில் அதுவும் மறைந்துபோகும். செவிலியர் செய்தது சரியான செயல்: மடலின் கீழ்ப்பகுதியை அதன் மேற்பகுதியோடும், தொப்புளுக்கு மேலே உள்ள வயிற்றுத் தோலோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். மேற்பகுதி வயிற்றின் நிறத்திலேயே இருந்தது; கீழ்ப்பகுதி அதைவிடக் கருத்திருந்தது.

பணி மருத்துவர் பார்த்தபோது அழுத்தி விட்ட இடத்தில் நிறம் ஒரு வினாடிக்குள் திரும்பியது. தமனி அடைபட்டால் நிறம் தாமதமாகத் திரும்பும், மடல் வெளுத்துக் குளிரும். சிரை அடைபட்டால் விரைவாகத் திரும்பும், மடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். மெல்லிய ஊசியால் கீழ்ப்பகுதியில் குத்தியதும் கருஞ்சிவப்பு இரத்தம் உடனே பொங்கி வந்தது. மேற்பகுதியில் குத்திய இடத்தில் சிவந்த இரத்தம் மெதுவாகக் கசிந்தது. நிறத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாத தோலில் இந்த ஊசிச் சோதனையே நம்பகமானது. வடிகுழாயில் இரத்தம் கூடுதலாக வரவில்லை. இரத்த அழுத்தம் 134/82. நோயாளி விழித்திருந்தார், மார்பு இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் படுக்கை அருகிலேயே செய்யக்கூடியவற்றைச் செய்தோம். கட்டைத் தளர்த்தி, கீழ் விளிம்பில் இரண்டு தையல்களை விடுவித்து, தோள்பட்டையின் நிலையை மாற்றி வைத்தோம். இருபது நிமிடங்களில் மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்து மூன்று வழிகள் இருந்தன. காலை வரை பார்த்திருப்பது ஒன்று. சிரைத் தேக்கம் நீடித்தால் மடலுக்குள் அழுத்தம் ஏறி, நுண்நாளங்களில் இரத்தம் உறைந்து, இறுதியில் தமனி ஓட்டமும் நின்றுவிடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பெரிய நாளத்தைத் திறந்துவிட்டாலும் திசுவுக்குள் ஓட்டம் திரும்புவதில்லை. டாப்ளர் ஒலி அந்தக் கட்டத்துக்கு முன்புவரை நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். எனவே ஒலி கேட்கிறது என்பதை நம்பிக் காத்திருப்பதை மறுத்தோம்.

இரண்டாவது வழி, தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச அட்டைப்பூச்சிகளை மடலில் விடுவது. விரல் நுனி, காது போன்ற சிறு பகுதிகளில் அது திசுவைக் காக்கும் சிகிச்சை. இவ்வளவு பெரிய மடலில் அட்டைகள் உறிஞ்சும் இரத்தமும், எடுத்த பின் கசியும் இரத்தமும் தேக்கத்தைத் தீர்க்கப் போதா. இரத்தச்சோகையும், அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமியின் தொற்றும்தான் கூடுதல் சுமையாகும். சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று உள்ளே இருக்கும்போது அதைத் தேடுவதே முறை. ஆகவே மூன்றாவது வழியான மறு அறுவைக்கு முடிவு செய்தோம். நோயாளியிடமும் வெளியே காத்திருந்த அவருடைய கணவரிடமும் நேராகச் சொன்னோம்: இரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வருவதில் தடை இருக்கிறது, உடனே திறந்து பார்த்தால் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 4 மணிக்கு நோயாளி அரங்கில் இருந்தார்.

மறு அறுவையில் கண்டவை

மடலைத் தூக்கியபோது கீழே சிறிதளவு உறைந்த இரத்தமே இருந்தது. நாளத்தை அழுத்தும் அளவுக்கு இல்லை. மடலைத் தாங்கும் தமனியும் சிரையும் சேர்ந்த நாளக்காம்பு முறுக்கிக்கொள்ளவும் இல்லை, மடங்கவும் இல்லை. தமனி துடித்தது. கப்ளர் வளையத்துக்கு இருபுறமும் சிரையை இடுக்கியால் வழித்து வெறுமையாக்கி விட்டபோது இரத்தம் உடனே நிரம்பிக் கடந்து சென்றது. இணைப்பு திறந்தே இருந்தது. உறைவு எதுவும் இல்லை.

ஆனால் மாலையில் தளர்ந்திருந்த மேற்சிரை இப்போது விறைத்து, கையில் தடித்த கயிறாக உணரும்படி புடைத்திருந்தது. அதன் முனையிலிருந்த கிளிப்பை எடுத்ததும் கரிய இரத்தம் பீறிட்டது. அடுத்த சில நிமிடங்களில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பகுதியின் கருமை விலகி, இறுக்கம் தளர்ந்து, மடல் முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்தது. சிரையை விரலால் மூடினால் கருமை திரும்பியது, திறந்தால் விலகியது. இதைவிடத் தெளிவான நோயறிதல் இருக்க முடியாது: நாம் இணைத்த ஆழ்சிரையில் குறை இல்லை, மடலின் இரத்தம் அங்கே போய்ச்சேரும் உள்வழிதான் குறுகலாக இருந்தது.

மாலையில் இது தெரியாமல் போனதற்கு எங்கள் விளக்கம் இது. மயக்கத்தின் போது தாழ்ந்திருந்த அழுத்தத்தில் மடலுக்குள் வந்த இரத்தம் குறைவு. அந்த அளவைக் குறுகிய உள்வழி தாங்கியது. நோயாளி விழித்து, உடல் சூடேறி, அழுத்தம் அவருடைய இயல்பு நிலைக்குத் திரும்பியதும் வரத்து கூடியது, உள்வழி தாங்கவில்லை. தேக்கம் கீழ்ப்பகுதியில் முதலில் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. அது நடுக்கோட்டைத் தாண்டிய இடப்பகுதி. அதன் சொந்த மேற்சிரையைச் சிசேரியன் தழும்பு ஏற்கெனவே துண்டித்திருந்தது. அதன் இடப்பக்கத் துளைநாளங்களை நாங்கள் வெட்டிவிட்டோம். எனவே அங்கிருந்து இரத்தம் வெளியேற ஒரே வழி, குறுக்குச் சிரைகளின் மூலம் வலது மேற்சிரைக்கு வந்து, அங்கிருந்து வலது துளைநாளச் சிரைக்குள் இறங்குவதுதான். வலது மேற்சிரையின் முனையோ கிளிப்பால் மூடப்பட்டிருந்தது.

மேற்சிரையை எதனோடு இணைப்பது என்பதில் இரண்டு தேர்வுகள் இருந்தன. கையின் செஃபாலிக் சிரையைத் தோளருகே பிரித்துக் கீழே கொண்டுவருவது பலர் பின்பற்றும் நல்ல முறை. இந்த நோயாளிக்கு அதே பக்க அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டு, கதிர்வீச்சும் தரப்பட்டிருந்தது. கை வீக்கம் வரும் அபாயம் உள்ள கையிலிருந்து ஒரு முக்கியச் சிரையை எடுக்க மனம் ஒப்பவில்லை. உள் மார்புச் சிரையின் கீழ் முனை, நீளம் விட்டுக் கட்டப்பட்ட நிலையில், அருகிலேயே இருந்தது. அதில் இரத்தம் தலைகீழ்த் திசையில் ஓட வேண்டியிருக்கும் என்றாலும், அங்கே வால்வுகள் குறைவு என்பதாலும் பக்கத்துச் சிரைகளோடு இணைப்புகள் உண்டு என்பதாலும் அது நன்றாகச் செயல்படுகிறது. மடலை வைத்த திசையின் பயனாக மேற்சிரை இழுவையின்றி அதை எட்டியது. 2 மில்லிமீட்டர் கப்ளரால் இணைத்தோம்.

இம்முறை உடனே மூடவில்லை. மயக்கவியல் மருத்துவரிடம் அழுத்தத்தை நோயாளியின் இயல்பு அளவுக்கு ஏற்றச் சொல்லி, அது 130க்கு வந்த பிறகு அரை மணி நேரம் காத்திருந்தோம். மேற்சிரை தளர்வாகவே இருந்தது. அதன்பின் மூடினோம்.

பின்விளைவுகள்

மடல் முழுவதும் பிழைத்தது. ஹீமோகுளோபின் 11.2லிருந்து 8.6க்கு இறங்கியதால் ஒரு யூனிட் இரத்தம் ஏற்றப்பட்டது. கீழ் விளிம்பில் தோலின் மேற்படலம் மட்டும் சிறிதளவு உரிந்து, கட்டுப்போட்டதிலேயே ஆறியது. எட்டாம் நாளில் நோயாளி வீடு திரும்பினார்.

மூன்றாம் மாதத்தில் புதிய மார்பகத்தின் கீழ்ப்பகுதியில் 2 சென்டிமீட்டர் அளவில் கெட்டியான கட்டி ஒன்றை நோயாளியே கண்டுபிடித்து, மிகுந்த அச்சத்தோடு வந்தார். இரத்தம் போதாத கொழுப்பு இறந்து கட்டியாவது இத்தகைய மடல்களில் காணப்படும் ஒன்று. தேக்கம் இருந்த இடத்திலேயே அது தோன்றியதால் எங்களுக்கு வியப்பில்லை. ஆனாலும் புற்றுநோய் வந்து போன ஒருவரிடம் ஊகத்தைச் சொல்லி அனுப்புவது அநியாயம். அல்ட்ராசவுண்ட் செய்து, ஊசி மூலம் திசு எடுத்துச் சோதித்து, கொழுப்புத் திசு அழிவு மட்டுமே என்று உறுதியான பிறகே அவருக்கு ஆறுதல் சொன்னோம். ஆறாம் மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. வயிற்றுச் சுவரில் புடைப்போ குடலிறக்கமோ இல்லை. இடது கையில் வீக்கம் இல்லை.

நடைமுறையில் மாறியவை

சி.டி. கோரிக்கைப் படிவத்தில் இப்போது சிரைகளைத் தனியாகக் கேட்கிறோம். இரு மேற்சிரைகளும் தொடர்ச்சியாக உள்ளனவா, தழும்பில் துண்டிக்கப்பட்டுள்ளனவா, தேர்ந்தெடுக்கும் துளைநாளத்தோடு அவற்றுக்கு நேரடி இணைப்பு தெரிகிறதா, நடுக்கோட்டில் குறுக்குச் சிரை உண்டா ஆகியவற்றுக்கு ரேடியாலஜி மருத்துவர் பதில் எழுதுகிறார். இதற்காக எல்லோருக்கும் சிரைகள் தெரியும் நேரத்தில் கூடுதலாக ஒருமுறை ஸ்கேன் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கதிர்வீச்சின் அளவு கூடும். நடுக்கோட்டைத் தாண்டித் திசு தேவைப்படுபவர்களிடம், அதிலும் குறுக்குத் தழும்பு உள்ளவர்களிடம் மட்டும் கேட்கிறோம்.

இண்டோசயனின் சோதனையில் சாயம் வந்து ஒளிர்வதோடு பதிவை நிறுத்தும் வழக்கத்தை மாற்றினோம். இந்த நோயாளியின் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, நான்காம் நிமிடத்தில் வலப்பகுதி மங்கத் தொடங்கிய பின்னும் இடப்பகுதி அதே ஒளியோடு நின்றது தெரிந்தது. ஒளிர்வது வரத்தைக் காட்டுகிறது; மங்குவதில் ஏற்படும் தாமதம் வெளியேற்றத்தைப் பற்றிய குறிப்பைத் தருகிறது. ஒரு நோயாளியின் பதிவைக் கொண்டு விதி வகுக்க முடியாது என்றாலும், கூடுதலாகச் சில நிமிடங்கள் பதிவு செய்வதில் இழப்பதற்கு எதுவும் இல்லை.

நாளங்களை இணைத்த பின், இரத்த அழுத்தத்தை நோயாளியின் இயல்பு அளவுக்குக் கொண்டுவந்து, காத்திருந்து, மேற்சிரையைத் தொட்டுப் பார்த்த பிறகே மூடுகிறோம். 96 அழுத்தத்தில் தளர்ந்திருக்கும் சிரையை நாங்கள் இப்போது சான்றாக ஏற்பதில்லை.

செவிலியர் அட்டவணையில் டாப்ளர் கடைசிக்குப் போனது. நிறமும் இறுக்கமும் முதலில் வந்தன. வெள்ளை விளக்கில் பார்க்க வேண்டும், மடலின் கீழ் விளிம்பைத் துணி விலக்கிப் பார்க்க வேண்டும், மேல் வயிற்றுத் தோலோடு ஒப்பிட வேண்டும் என்பவை எழுதிச் சேர்க்கப்பட்டன. ஐயம் வந்தால் பணி மருத்துவருக்காகக் காத்திராமல் அறுவை மருத்துவரையே நேராக அழைக்கலாம் என்பதும் அதில் உண்டு. இந்த வரிகளை எழுதும்போது அந்த இரவுப் பணிச் செவிலியரையும் உடன் வைத்துக்கொண்டோம். விளக்கைப் பற்றிய வரி அவர் சொன்னது.

மேற்சிரையை எல்லோருக்கும் முதலிலேயே இணைத்துவிடலாமே என்று குழுவின் இளைய மருத்துவர்கள் கேட்டார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டு சிரைகளை இணைத்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டத்தின் வேகம் குறைகிறது. அறுவை நேரமும் கூடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. ஆனால் ஒரு பக்க மேற்சிரை தழும்பில் துண்டிக்கப்பட்டிருந்து, அந்தப் பக்கத் திசுவும் மடலுக்குத் தேவை என்னும் நிலையில், மறுபக்க மேற்சிரையை முதல் அறுவையிலேயே இணைப்பது என்று வரையறுத்திருக்கிறோம். மற்றவர்களிடம் முன்போலவே அதை 6 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காப்பாற்றி, கிளிப் போட்டு, மார்பெலும்பின் பக்கம் வருமாறு மடலை வைக்கிறோம்; உள் மார்புச் சிரையின் கீழ் முனையையும் நீளம் விட்டே கட்டுகிறோம்.